சக்கரத்தில் கைவைக்கும் உரிமை: நெய்வேலி – புதுச்சேரி வட்டாரத்தில் பொது வனைகூடங்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மண்பாண்டம் வனைதல் தமிழகத்தில் நெடுங்காலம் குலத்தொழிலாக இருந்தது. பிழைப்புக்காக அன்றி விருப்பத்திற்காக மண்ணைத் தொடும் ஆர்வலர் என்னும் புதியவர் கடந்த அரை நூற்றாண்டில் இத்தொழிலுக்குள் நுழைந்துள்ளார். அவர் கட்டணம் செலுத்திப் பலரோடு சேர்ந்து ஒரே சக்கரத்தையும் ஒரே சூளையையும் பயன்படுத்தும் இடத்தை இக்கட்டுரை ‘பொது வனைகூடம்’ எனக் குறிக்கிறது. நெய்வேலி, விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய அண்டை ஊர்களில் களிமண் சென்ற மூன்று வழிகளை ஒப்பிட்டு, பொது வனைகூடம் எவ்வாறு தோன்றியது, அது எந்த மரபிலிருந்து கற்றது, மரபுவழிக் குயவருக்கு அதில் என்ன இடம் கிடைத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மண்பாண்டம், வேட்கோ, நெய்வேலி வெண்களிமண், விருத்தாசலம் பீங்கான், கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, பொதுச் சூளை, ஆர்வலர்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்கு அண்மையில் உள்ள முத்தாண்டிக்குப்பம், முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் நிலத்தில் அமைந்த ஊர். இவ்வட்டாரத்தின் செம்மண்ணுக்கும் மணற்கல்லுக்கும் அடியில் வெண்களிமண் படிவுகளும், அவற்றுக்குக் கீழே பழுப்பு நிலக்கரியும் உள்ளன. மேற்பரப்பில் ஏரிகளும் குளங்களும் வண்டலைச் சேர்த்து வைத்துள்ளன. ஒரே வட்டாரத்தில் இரு வகை மண் இருந்தும் அவை இரு வேறு மக்களிடம் சென்றன. வண்டல் ஊர்க் குயவரின் சக்கரத்திற்கும், வெண்களிமண் தொழிற்சாலையின் அச்சுக்கும் போயின. பிழைப்புக்காக அன்றி மண் வனைய விரும்பியவருக்கு இவ்விரண்டு இடங்களிலும் இருக்கை இல்லை. அவருக்கான இடம் கிழக்கே கடற்கரையில், புதுச்சேரியில், 1971-க்குப் பிறகே உருவானது. அது ஏன் அங்கே உருவானது, ஏன் அவ்வளவு காலம் கழித்து உருவானது என்னும் வினாக்களே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளிகள்.

குலத்தோடு பிணைந்த சக்கரம்

சங்க இலக்கியம் குயவரை ‘வேட்கோ’ என்னும் பெயரால் அறியும். புறநானூற்றின் 228, 256 ஆம் பாடல்கள் குயவரை நேரடியாக விளித்து ஈமத்தாழி வனையும்படி வேண்டுகின்றன. முதற்பாடல் இறந்த மன்னனுக்கான தாழியையும், இரண்டாவது பாடல் கணவனோடு தானும் அடங்கத்தக்க அகன்ற தாழியையும் பேசுகின்றன. ஊரின் சாவுக்கும் வாழ்வுக்கும் தேவையான கலத்தைச் செய்து தருபவர் என்னும் நிலையில் குயவர் இப்பாடல்களில் தோன்றுகிறார். ஆதிச்சநல்லூரில் கிடைத்த தாழிகள் இத்தொழிலின் பழைமைக்கும் அளவுக்கும் சான்றாகின்றன.

இடைக்காலத்தில் இத்தொழில் வரிக்கும் காணிக்கும் உரியதாயிற்று. பல்லவர் செப்பேடுகளில் இடம்பெறும் ‘குசக்காணம்’ குயவர்மீது விதிக்கப்பட்ட வரியைக் குறிக்கும். ஒரு தொழிலுக்குத் தனிவரி உண்டு என்றால், அத்தொழிலைச் செய்வோர் யார் என்பது ஊருக்கும் அரசுக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் வைத்திருப்பவர் என்னும் அடையாளம் வரி, காணி, ஊர்ப்பணி ஆகியவற்றோடு பிணைந்திருந்த சூழலில், வெளியாள் ஒருவர் விருப்பத்திற்காகச் சக்கரத்தில் அமர்வது என்னும் எண்ணத்திற்கே இடமில்லை. பெரியபுராணம் போற்றும் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த வேட்கோவர். அடியார்க்குத் திருவோடு வழங்குவதை அவர் தம் தொண்டாகக் கொண்டார். பிழைப்பைக் கடந்த நோக்கத்தோடு மண்ணை வனைந்தவர் என அவரைக் கருதலாம். எனினும் அவரும் தம் குலத்தொழிலையே தொண்டாக்கினார். பிறர் தொழிலை மேற்கொள்ளவில்லை.

கற்றலும் குடும்பத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. சிறுவர் மண் மிதிப்பதிலும் சலிப்பதிலும் தொடங்கிப் பல ஆண்டுகளில் சக்கரத்துக்கு வந்தனர். தமிழகத்துக் குயவர் குடும்பங்கள் பலவற்றில் சக்கரம் ஆண்களுக்குரியது. மண் பதப்படுத்தல், தட்டி உருவாக்கல், காயவைத்தல், சந்தையில் விற்றல் ஆகியவை பெண்களின் உழைப்பில் நடந்தன. மானாமதுரையில் கடம் தட்டிச் சுருதி சேர்க்கும் பணிக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற மீனாட்சி அம்மாள், சக்கரத்துக்கு வெளியே நிகழும் இவ்வுழைப்பின் நுட்பத்தை நாடறியச் செய்தவர். ஆகவே சக்கரத்தில் கைவைக்கும் உரிமை குலத்தால் மட்டுமன்றிப் பாலினத்தாலும் வரையறுக்கப்பட்டிருந்தது.

இம்மரபின் செய்முறையும் குறிப்பிடத்தக்கது. பானையின் வாயும் கழுத்தும் தோளும் சக்கரத்தில் வனையப்படும். அடிப்பகுதி திறந்தே இருக்கும். சற்று உலர்ந்த பின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவர். இவ்வாறு தட்டப்பட்ட சுவர் மெல்லியதாகவும் உருண்டதாகவும் அமைவதால் அடுப்புத் தீயின் வெப்பம் சீராகப் பரவுகிறது. சோற்றுப்பானையின் உருண்ட அடி அழகுக்காக மட்டும் அமைந்ததன்று என்பதை இச்செய்முறை விளக்குகிறது.

குலத்துக்கு வெளியே முதற்கல்வி

குடும்பத்துக்கு வெளியே மண்பாண்டக் கல்வி அளித்த தொடக்ககால நிறுவனங்களுள் சென்னைக் கலைப்பள்ளி முதன்மையானது. அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய இப்பள்ளி பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. சென்னை மாகாணத்தின் களிமண் வகைகளைச் சோதித்துப் பயன்பாட்டுக்குக் கொணர்வதில் ஹண்டர் ஈடுபாடு கொண்டிருந்தார். இங்கே மண் ஒரு பாடமாயிற்று. மாணவர் எக்குலத்தினர் என்பது கற்றலின் நிபந்தனையாக இல்லை. ஆயினும் இப்பள்ளியின் நோக்கம் தொழிலாளரையும் கைவினைஞரையும் உருவாக்குவதே. ஓய்வு நேரத்தில் வனைய வருபவர் அதன் கணக்கில் இல்லை.

அத்தகையவருக்கான இடம் உலகின் பிற பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. நியூயார்க்கில் குடியேறிய ஏழை மக்களுக்காக இயங்கிய கிரீனிச் ஹவுஸ் என்னும் சமூக நிலையம் 1909-இல் மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கியது. பாஸ்டனில் குடியேறிய இளம்பெண்களின் வாசிப்புக் குழுவிலிருந்து பால் ரெவியர் பாட்டரி தோன்றியது. இவை முதலில் ஏழைகளுக்குக் கைத்தொழில் தரும் நோக்கம் கொண்டவை. காலப்போக்கில் கிரீனிச் ஹவுஸ் போன்ற கூடங்கள் கட்டணம் செலுத்தி வரும் நகரமக்களின் கூடங்களாயின. வறுமை ஒழிப்புக்கென வாங்கப்பட்ட சக்கரமும் சூளையும் ஓய்வு நேரத்தின் கருவிகளாக மாறிய இப்போக்கு, பொது வனைகூடத்தின் வரலாறு முழுவதற்கும் பொருந்தும் ஒன்று.

இந்தியாவில் இதற்குரிய வழி ஜப்பான் வாயிலாக வந்தது. சர்தார் குர்சரண் சிங் 1919-இல் ஜப்பான் சென்று பயின்றார். அங்கே பெர்னார்ட் லீச், ஷோஜி ஹமாதா ஆகியோரோடு பழகினார். 1952-இல் தில்லியில் அவர் நிறுவிய நீலமண்பாண்டப் பட்டறை ஆர்வலர் பலருக்குப் பயிற்சிக்களமாயிற்று. ‘ஹேண்ட்புக் ஃபார் பாட்டர்ஸ்’ என்னும் கையேட்டை எழுதிய நிர்மலா பட்வர்தன், பரோடாவில் கற்பித்த ஜோத்ஸ்னா பட் ஆகியோர் சக்கரம் பெண்களின் கைக்கு வந்த காலத்தின் முன்னோடிகள். தமிழகத்தில் ஏறத்தாழ இதே காலத்தில் களிமண் வேறொரு திசையில் சென்றுகொண்டிருந்தது.

நெய்வேலி: தொழிற்சாலைக்குப் போன மண்

ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது 1930களில் வெளிப்பட்ட கரும்பழுப்புப் பொருளே நெய்வேலியின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகிறது. 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. இது சுரங்கமும் அனல்மின் நிலையமும் மட்டும் கொண்ட திட்டமன்று. உரத் தொழிற்சாலை, கரிக்கட்டித் தொழிற்சாலை ஆகியவற்றோடு களிமண் கழுவும் ஆலையும் அதன் உறுப்பாக இருந்தது. நிலக்கரியை அடைவதற்காக அகற்றப்பட்ட மேல்மண்ணில் கிடைத்த வெண்களிமண்ணைக் கழுவி மணல் நீக்கிப் பீங்கான் தொழிலுக்கு விற்பதே அவ்வாலையின் பணி.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்ததற்கு இம்மண் அண்மையில் கிடைத்தது முதன்மையான காரணம். அங்கே சிறுதொழில் முனைவோர் பொம்மைகள், கழிவறைச் சாதனங்கள், மின்காப்புப் பொருள்கள் முதலியவற்றைச் செய்தனர். நீர்த்த களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிய பின் எடுத்துச் சுடும் முறையே அங்கு மேலோங்கியது. ஓர் அச்சிலிருந்து ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும். கையின் அசைவு வேறுபட்டால் அது குறையாகவே எண்ணப்படும்.

இவ்வெண்களிமண் ஏன் அண்டை ஊர்க் குயவரிடம் செல்லவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஏரி வண்டலில் உள்ள இரும்பும் காரப்பொருள்களும் அதனைக் குறைந்த வெப்பத்திலேயே இறுகச் செய்கின்றன. விறகும் வைக்கோலும் வறட்டியும் இட்டு எரிக்கும் ஊர்ச்சூளையில் ஏறத்தாழ 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை வெப்பம் எழும். வண்டலுக்கு அது போதும். வெண்களிமண் தனித்து அவ்வெப்பத்தில் இறுகாது. படிகக்கல் தூளும் ஃபெல்ஸ்பாரும் கலந்து 1200 பாகைக்கு மேல் சுட்டால்தான் அது நீர் கசியாத கலமாகும். அதற்குத் தீக்கல் அடுக்கிய சூளையும் பெருமுதலும் தேவை. ஆக, தம் ஊருக்கு அடியிலேயே கிடந்த மண், சூளையின் வெப்பம் என்னும் தடையால், மரபுவழிக் குயவருக்கு எட்டாததாயிற்று.

நெய்வேலி நகரியம் ஆர்வலருக்குரிய மற்றொரு நிபந்தனையை நிறைவேற்றியது. மாதச் சம்பளம், முறைவைத்த வேலை நேரம், குடியிருப்பு வட்டங்கள், மன்றங்கள் ஆகியவை அங்கே அமைந்தன. வேலை நேரம் இது, ஓய்வு நேரம் இது என்னும் பிரிவினை தெளிவாக உள்ள இடத்தில்தான் ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது. சுரங்கத்திற்காக நிலம் இழந்த ஊராருக்கும் ஊர்க் குயவருக்கும் அத்தகைய பிரிவினை இல்லை. எனினும் மண்ணும் ஓய்வும் ஒருங்கே இருந்த நெய்வேலியில் மண் டன் கணக்கில் அளக்கப்படும் மூலப்பொருளாகவே நோக்கப்பட்டது.

புதுச்சேரி: கடல்கடந்து வந்த வனைமுறை

புதுச்சேரிக் கடற்கரைக்கு வெளிநாட்டுக் கலங்கள் புதியவையல்ல. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகள் கிடைத்தன. அங்குக் கிடைத்த சக்கரக்கோட்டு அணி கொண்ட கலங்களையும் அவர் வெளிநாட்டினவாகக் கருதினார். அவை இந்தியாவில் உருவானவை எனப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. ஒரு வனைமுறை எங்கிருந்து வந்தது என்பதும் யார் கையில் வளர்ந்தது என்பதும் வேறு வேறான வினாக்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1971-இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் சார்பில் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவினர். டெபரா ஸ்மித் ஜப்பானிய மொழி பயின்றவர். பிசென் என்னும் தொன்மையான மண்பாண்ட ஊரில் பயிற்சி பெற்றவர். மீக்கர் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலையும் மண்பாண்டக் கலையும் கற்றவர். உயர்வெப்பத்தில் சுடப்பட்டுக் கண்ணாடிப் பூச்சிட்ட கலங்களை அவர்கள் இங்கே செய்யத் தொடங்கினர். தொழிற்சாலைக்கு மட்டுமே உரியதாக இருந்த உயர்வெப்பச் சூளை, கையால் வனையும் ஒருவரின் அளவுக்குச் சுருங்கியது. நெய்வேலி–விருத்தாசலத்தில் பிரிந்து நின்ற சக்கரமும் வெப்பமும் இங்கே ஒன்று சேர்ந்தன.

1980களில் மீக்கர் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் தங்கிப் பயிலும் அவ்வகுப்புகளுக்கு நாட்டின் பல நகரங்களிலிருந்தும் மாணவர் வந்தனர். இன்று இந்தியாவில் அறியப்பட்ட வனைகலைஞர் பலர் அங்குப் பயின்றவர்கள். ஆரோவில்லில் எழுந்த பட்டறைகள் பலவும் அக்கிளையின் தொடர்ச்சியே. மீக்கர் அதே காலத்தில் பச்சைமண்ணால் வீடு கட்டி, அதனுள் செங்கலும் கலமும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுடும் சோதனைகளையும் மேற்கொண்டார். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சிகள் அதற்குத் தூண்டுதலாயின.

இப்பட்டறையிலிருந்து இரு வகையினர் வெளியேறினர் என்பது வரலாற்று நோக்கில் முதன்மையானது. ஒரு வகையினர் கட்டணம் செலுத்திக் கற்ற மாணவர்; பெரும்பாலும் நகரத்தவர்; பிற துறைகளில் கல்வி பெற்றவர். அவர்கள் தம் பெயரில் கலங்களைச் செய்து கண்காட்சிகளில் வைத்தனர். மற்றொரு வகையினர் கூலிக்கு வேலை செய்து தொழில் கற்ற உள்ளூர்த் தமிழர். அவர்களுள் சிலர் பின்னர்ப் புதுச்சேரியைச் சுற்றித் தமக்கெனச் சிறு பட்டறைகளை அமைத்துக் கோப்பைகளும் தட்டுகளும் செய்து கடைகளுக்கு அளித்தனர். ஒரே சூளையில் கற்ற இருவருள் ஒருவர் கலைஞராகவும் மற்றவர் உற்பத்தியாளராகவும் அழைக்கப்படுகின்றனர். குலத்தால் வரையப்பட்ட கோடு அழிந்த இடத்தில் கல்வியாலும் பணத்தாலும் புதிய கோடு வரையப்பட்டது.

பொதுச் சூளையின் ஒழுங்கு

கோல்டன் பிரிட்ஜ் பயிற்சிப் பட்டறை. பொது வனைகூடம் அதினின்றும் சற்று வேறானது. லலித் கலா அகாதெமி 1976-இல் தில்லி கர்ஹியிலும், பின்னர்ச் சென்னை வட்டார மையத்திலும் அமைத்த சமூகக் கலைக்கூடங்கள், தமக்கெனச் சூளை இல்லாதவர் சிறுகட்டணத்தில் வந்து பணியாற்ற வழிசெய்தன. பின்னர்ப் பெருநகரங்களில் தனியார் கூடங்கள் பெருகின. ஆர்வலர் மாதக் கட்டணம் செலுத்திச் சக்கர நேரமும் ஓர் அலமாரித் தட்டும் பெறுகிறார். மண்ணை எடைக்கணக்கில் வாங்குகிறார். சுடுவதற்குரிய தொகை கலத்தின் அளவைப் பொறுத்து அமைகிறது.

இக்கூடங்களின் விதிகள் மண்ணின் இயல்பிலிருந்து எழுந்தவை. முழுதும் உலராத கலத்தைச் சூளையில் வைத்தால், உள்நீர் ஆவியாகிக் கலம் வெடித்து அருகிலுள்ளோரின் கலங்களையும் உடைக்கும். அடியில் பூச்சு ஒட்டியிருந்தால் அது உருகிச் சூளைத் தட்டோடு பற்றிக்கொள்ளும். 573 பாகையில் படிகக்கல் தன் அமைப்பை மாற்றி விரிவதால், அவ்வெப்பநிலையை விரைந்து கடந்தால் கலங்கள் பிளவுறும். அவசரம் காட்டும் ஒருவரால் அனைவரின் உழைப்பும் கெடும். உலர்ந்த களிமண் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. எனவே தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர் முதலில் கற்பது வனைதலை அன்று; பிறர் கலத்துக்குத் தம்மால் கேடு நேராமல் நடந்துகொள்ளும் முறையையே.

ஊர்ச்சூளையும் இத்தகைய பொதுப்பொறுப்பை அறிந்ததே. பல குடும்பங்களின் பானைகள் ஒரே சூளையில் அடுக்கப்படும்போது, ஈரம் காயாத பானையை வைத்தவர் உறவினர் முன் பதில் சொல்ல வேண்டும். உறவு ஏற்படுத்திய கட்டுப்பாட்டைப் பொது வனைகூடம் எழுதப்பட்ட விதியாகவும் கட்டணமாகவும் மாற்றியுள்ளது. மாற்றம் கட்டுப்பாட்டின் வடிவத்திலேயே நிகழ்ந்தது. அதன் காரணம் மாறவில்லை.

மரபுவழிக் குயவரின் நிலை

பொது வனைகூடத்தில் கற்பிக்கப்படும் வனைமுறை பிசென், மஷிகோ, செயின்ட் ஐவ்ஸ், கலிபோர்னியா வழியாக வந்தது. கலத்தின் அடியைச் சக்கரத்திலேயே மூடி, தட்டையான அடியோடு முடிக்கும் முறை அது. கல்லும் பலகையும் கொண்டு அடியைத் தட்டி மூடும் தமிழ்முறை அதன் பாடத்திட்டத்தில் அரிதாகவே இடம்பெறுகிறது. தமிழகத்தில் அமர்ந்து மண் வனையக் கற்கும் தமிழர் ஒருவர், அடுத்த ஊரில் வழங்கும் செய்முறையை அறியாமல் கடல்கடந்த செய்முறையில் தேர்ச்சி பெறுவது இதன் விளைவு.

அதே காலத்தில் மரபுவழிக் குயவர் எதிர்கொண்டவை வேறு வகை இடர்கள். அலுமினியம், எவர்சில்வர், நெகிழிப் பொருள்கள் அன்றாடப் பயன்பாட்டைக் கைப்பற்றின. ஏரி வண்டல் எடுக்க அனுமதி பெறுவதே பெருஞ்சுமையாயிற்று. 2024-இல் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி வழங்கும் முறை கொணரப்பட்டது இச்சுமையைக் குறைக்கும் நோக்கத்தது. மண்பாண்டத் தொழிலாளர்க்கெனத் தனி நலவாரியம் உண்டு. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை தேவையான உதவிகளே. எனினும் நகரத்து ஆர்வலர் ஒரு மாதக் கட்டணமாகச் செலுத்தும் தொகையோடு ஊர்க்குயவர் ஒரு பானைக்குப் பெறும் விலையை வைத்துப் பார்த்தால், மண்ணைத் தொடுவதற்குக் கிடைக்கும் மதிப்பு தொடுபவரைப் பொறுத்து அமைவது புலனாகும்.

இவ்விரு உலகங்களும் சந்திக்கும் இடங்கள் சில உள்ளன. 1996-இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பார்வையாளர் சக்கரத்தில் அமர்ந்து பார்க்க முடியும். அத்தகைய சந்திப்பு சில நிமிடக் காட்சியாக முடிந்துவிடாமல் கற்பித்தலாக வளர வேண்டுமெனில், மரபுவழிக் குயவர் ஆசிரியர் என்னும் நிலையில், ஆசிரியர்க்குரிய ஊதியத்தோடு, பொது வனைகூடத்துக்குள் வர வேண்டும். தம் பிள்ளைகள் இத்தொழிலை விட்டு விலகுவதை அவர்கள் விரும்பியே ஏற்கும் நிலையில், தட்டிவனையும் நுட்பத்தைக் கற்க முன்வருவோர் குலத்துக்கு வெளியேதான் மிகுதியாக உள்ளனர்.

முடிவுரை

தமிழகத்தில் சக்கரத்தில் கைவைக்கும் உரிமை குலத்திலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து கட்டணக் கூடத்துக்கும் நகர்ந்துள்ளது. நெய்வேலியின் வெண்களிமண் அச்சுக்கும் புதுச்சேரியின் சூளை சக்கரத்துக்கும் வழிவிட்டன. இவ்வேறுபாட்டுக்கு மண் காரணமன்று. அதனைச் சுடும் வெப்பத்தை யார், எந்த அளவில், எதற்காகக் கையாண்டனர் என்பதே காரணம். பொது வனைகூடம் பெண்களுக்கும் பிற குலத்தினருக்கும் சக்கரத்தைத் திறந்துவிட்டது. இது மறுக்கவியலாத ஆக்கம். அதே கூடம் அண்மையில் வாழும் குயவரின் அறிவைத் தன் பாடமாக்கிக்கொள்ளவில்லை. இது இன்னும் திருத்தத்தக்க குறை. முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த நிலத்தில் வண்டலும் வெண்களிமண்ணும் இன்றும் அருகருகே உள்ளன. அவ்விரண்டையும் அறிந்த கைகள் ஒரே கூடத்தில் அமரும்போதே ஆர்வலரின் வருகை இத்தொழிலின் வரலாற்றில் முழுப்பொருள் பெறும்.